நாய்க்கு வயித்தால போக கற்பூரவள்ளி குடுத்த ஆக்கள் இருக்கிறீங்களா?

உவர்மலைப் பிள்ளை:
எங்கட மணிக்கு வயித்தால போகத் தொடங்கிட்டு. அம்மா விடுவாவே, எங்களுக்குச் சின்னனில தந்த மாதிரி கற்பூரவள்ளி இலைய வாட்டிப் பிழிஞ்சு தேனும் விட்டுக் கரண்டியால பருக்கிப்போட்டா. அவன் முன்னங்காலால வாயைத் தேய் தேய் எண்டு தேய்ச்சு, நுரை நுரையா வீணி வடிய, அம்மாவை ஒரு பார்வை பாத்தான் பாருங்கோ! இப்பவும் கரண்டிச் சத்தம் கேட்டா கட்டிலுக்குக் கீழதான். பின்னேரம் வயிறு நிண்டுட்டு. அம்மா தன்ர மருந்து எண்டுறா, எனக்கெண்டா அவன் அண்டைக்கு ஒண்டும் தின்னாததாலதான் நிண்டது போல கிடக்கு. உங்களுக்கு எப்பிடி?

டச்சுபே மீனா:
எங்கட பூனை அந்தக் கண்டுப் பக்கமே போகாது, ஆனா குப்பைமேனிய வேரோட புடுங்கிப் போட்டா அதில கிடந்து உருளும், வெறி பிடிச்ச மாதிரி. திருமலை டவுனுக்குள்ள திரியிற மானும் வேலி பாஞ்சு வந்து பூக்கண்டெல்லாம் மேஞ்சிட்டு கற்பூரவள்ளிய மட்டும் விட்டுட்டுப் போகும். அதுகளுக்குத் தெரியும்.

சீனக்குடா அண்ணா:
மான் பஸ் ஸ்டாண்டில சோறு சுத்துற லஞ்ச் ஷீட்டும் தின்னுது, அதுக்கு என்னத்தத் தெரியும்? அத வச்சு வைத்தியம் பாக்கேலாது. எங்கட டைகர் தானாப் போய் அறுகம்புல்லுத் தின்னும், சத்தி எடுக்கும், வந்து சோறு கேக்கும், அவ்வளவுதான். ஆனா தங்கச்சி, அம்மாட்டச் சொல்லுங்கோ, அமெரிக்காவில ஏ.எஸ்.பி.சி.ஏ. எண்ட மிருகவதைத் தடுப்புச் சங்கம் போட்டிருக்கிற நச்சுச் செடிப் பட்டியல்ல கற்பூரவள்ளி நாய், பூனை, குதிரை மூண்டுக்கும் கூடாது எண்டுதான் இருக்கு. அந்த இலையில இருக்கிற வாசனை எண்ணெய்தான் காரணம், சத்தி வரும், வயித்தால போகும், சிலவேளை ரத்தமும் போகும், அதாவது நிப்பாட்டக் குடுக்கிற சாமானே போக வைக்கும். வளந்த நாய் உசாரா இருந்தா தண்ணிய வச்சு, உப்பு வெங்காயம் பூண்டு ஒண்டும் போடாம அவிச்ச கோழியும் குழைஞ்ச சோறும் கொஞ்சம் கொஞ்சமாக் குடுங்கோ. ஊசி போடாத குட்டி சோர்ந்து கிடந்து ரத்தமாப் போனா பார்வோ எண்ட வைரஸ் வருத்தமா இருக்கலாம், இலை தேடாம உடன மிருக வைத்தியரிட்டக் கொண்டு ஓடுங்கோ. பூனை வச்சிருக்கிற ஆக்கள், பனடோல், அதான் பரசிற்றமோல், ஒரு துண்டும் குடுத்திடாதேங்கோ, செத்துப்போகும்.

டச்சுபே மீனா:
நான் எங்க வைத்தியம் சொன்னன், தின்னேல்ல எண்டுதானே எழுதினன். கடைசியில நீங்களும் அதைத்தான் சொல்லுறீங்கள், பட்டியலோட. சரி, திருமலையில குதிரை ஆரிட்ட இருக்கு?