புது மீன் தொட்டி: மீன் வாங்குறதுக்கு முன்னாடி என்ன தயார் பண்ணணும்?

தொட்டி_புதுசு:
வணக்கம். வீட்டில் முதல் முறையா மீன் வளர்க்கப் போறோம். 2 அடிக்கு 1 அடி, உயரம் 1 அடி கண்ணாடித் தொட்டி, ஸ்பாஞ்ச் ஃபில்டர், ஏர் பம்ப், கல் எல்லாம் வந்தாச்சு. மெட்ரோ வாட்டர், போர் தண்ணி ரெண்டும் இருக்கு. வர்ற ஞாயிறு சென்னையில் அலங்கார மீன் கடைகள் இருக்குற கொளத்தூர் போய் கோல்டு ஃபிஷ் நாலு, கப்பி பத்து வாங்கலாம்னு இருக்கோம். அதுக்குள்ள என்ன செஞ்சு வைக்கணும்? ஹீட்டர் வேணுமா?

செவுள்:
இந்த ஞாயிறு மீன் வேண்டாம் சார். தொட்டியில் தண்ணி ஊத்தி ஃபில்டரை மட்டும் ஓட விடுங்க. மீன் வர இன்னும் நாலுல இருந்து ஆறு வாரம் ஆகட்டும்.

புதுத் தொட்டியில் மீனைக் கொல்றது பெரும்பாலும் அம்மோனியாதான். மீனோட கழிவும் மிஞ்சின தீனியும் அம்மோனியாவா மாறும். ஒரு வகை பாக்டீரியா அதை நைட்ரைட் ஆக்கும், இன்னொரு வகை நைட்ரைட்டை நைட்ரேட் ஆக்கும். முதல் ரெண்டும் விஷம். நைட்ரேட்டை வாராவாரம் கால் பங்கு தண்ணி மாத்தியே கட்டுக்குள்ள வைக்கலாம். இந்த பாக்டீரியா ஸ்பாஞ்சிலயும் கல்லிலயும் ஒட்டித்தான் வளரும், புது ஸ்பாஞ்சில் இருக்காது. அதனால தண்ணி பார்க்கத் தெளிவா இருக்கும்போதே மீன் மேல வந்து வாயைத் திறந்து திறந்து மூடும், செவுள் சிவந்துபோகும்.

முதல்ல இடம். தண்ணி, கல், கண்ணாடி எல்லாம் சேர்ந்து 60 கிலோவைத் தாண்டும். ஆடாத மேசை, தொட்டிக்கு அடியில் தெர்மாகோல் ஷீட், வெயில் படாத சுவர் ஓரம். மேசையில் சின்ன மேடுபள்ளம் இருந்தாலும் அடிக்கண்ணாடி விரிசல் விடும். கல்லை சோப்பு போடாம, தெளிஞ்ச தண்ணி வர்ற வரைக்கும் அலசுங்க. கடற்கரைச் சிப்பி, பவளத்துண்டு போடாதீங்க, தண்ணி இன்னும் கடினமாகும்.

மெட்ரோ வாட்டர்னா ஆன்டி குளோரின் (குளோரினை நீக்குற மருந்து) கட்டாயம். குளோரின் மீனை மட்டும் இல்ல, நீங்க வளர்க்கப் பார்க்குற பாக்டீரியாவையும் அழிச்சிடும்.

அப்புறம் பாக்டீரியாவுக்குத் தீனி. லேப் கிரேடு அம்மோனியம் குளோரைடு 6 கிராம் எடுத்து 1 லிட்டர் தண்ணியில் கரைச்சு பாட்டில்ல வச்சுக்குங்க. அதில் 50 மில்லி ஊத்தினா 50 லிட்டர் தொட்டிக்கு அம்மோனியா சுமார் 2 பிபிஎம் (லிட்டருக்கு 2 மில்லிகிராம்) வரும். சொட்டு விட்டு அம்மோனியா, நைட்ரைட் அளவு பார்க்குற டெஸ்ட் கிட் வாங்கி ரெண்டு நாளைக்கு ஒரு தடவை பாருங்க. அம்மோனியா இறங்கினதும் மறுபடி அதே அளவு. நடுவுல நைட்ரைட் ஏறி, இறங்காம அப்படியே நிக்கும். நிறைய பேர் பொறுமை இழந்து மீன் விடுறது அந்தக் கட்டத்தில்தான். 50 மில்லி ஊத்தின 24 மணி நேரத்தில் அம்மோனியா, நைட்ரைட் ரெண்டும் பூஜ்யம்னு வந்தா தொட்டி ரெடி. பாதிக்கு மேல தண்ணி மாத்திட்டு மீன் வாங்கலாம்.

நோய் இல்லாத பழைய தொட்டியில் ஓடின ஸ்பாஞ்ச் தெரிஞ்சவங்ககிட்ட கிடைச்சா, காயவிடாம அந்தத் தண்ணியோடயே கொண்டுவந்து வைங்க. காத்திருக்குற நாள்ல பாதி மிச்சம்.

காத்துக்குழாய்:
பம்ப் விஷயம் யாரும் சொல்றதில்லை. தண்ணி மட்டத்துக்குக் கீழ பம்ப் இருந்து கரண்ட் போனா, தொட்டித் தண்ணி டியூப் வழியா பின்னாடி ஏறி பம்புக்குள்ள இறங்கிடும். டியூப் நடுவுல ஒரு செக் வால்வு (காத்தை ஒரு பக்கம் மட்டும் விடுற அடைப்பு) போடுங்க, இல்லைன்னா பம்பை உயரத்தில் வைங்க. பம்ப் 24 மணி நேரமும் ஓடணும், ராத்திரி சத்தமா இருக்குன்னு நிறுத்தாதீங்க. பல மணி நேரம் ஆக்சிஜன் இல்லைன்னா ஸ்பாஞ்சில் இருக்குற பாக்டீரியா சாக ஆரம்பிக்கும். அதனால கரண்ட் போற நேரத்துக்கு பேட்டரி பம்ப் ஒண்ணு கைவசம் இருக்கட்டும். ஸ்பாஞ்சைக் குழாயில் கழுவவே கூடாது. தொட்டியில் இருந்து எடுத்த தண்ணியில் ரெண்டு மூணு தடவை பிழிஞ்சா போதும்.

இன்னொண்ணு, கொசு லிக்விட். அதில் இருக்குற பைரித்ராய்டு மீனுக்குக் கடும் விஷம். ஏர் பம்ப் அந்த அறைக் காத்தைத்தான் இழுத்துத் தண்ணிக்குள்ள விடும். தொட்டி இருக்குற அறையில் லிக்விட், ஸ்ப்ரே ரெண்டும் வேண்டாம்.

நன்னீர்:
கோல்டு ஃபிஷ்ஷைப் பட்டியல்ல இருந்து எடுத்துடுங்க. கடையில் விரல் நீளம் இருக்கும், வளர்ந்தா அரை அடியைத் தாண்டும், கழிவும் ரொம்ப அதிகம். நாலு மீனுக்கு உங்க தொட்டி பத்தாது. வாய்க்குள்ள போற கப்பியையும் முழுங்கிடும். ஆண் கப்பி மட்டும் ஆறு வாங்குங்க. பெண்ணும் சேர்ந்தா ஏறக்குறைய மாசம் ஒரு தடவை குட்டி போடும், தொட்டி சீக்கிரம் நிரம்பிடும்.

சென்னைக்கு ஹீட்டர் வேண்டாம். ஏசி அறையில் மட்டும் வைக்காதீங்க. ராத்திரி குளிர்ந்து பகல்ல சூடாகி மாறிக்கிட்டே இருந்தா மீன் பலவீனமாகி வெள்ளைப்புள்ளி நோய் தாக்கும்.

தொட்டி_புதுசு:
ரொம்ப நன்றி. தொட்டியை இன்னைக்கே ஓட விடுறேன். போர் தண்ணி டிடிஎஸ் (கரைஞ்சிருக்குற உப்போட அளவு) 900 காட்டுது. ஆர்ஓ தண்ணி ஊத்தலாமா?

செவுள்:
வெறும் ஆர்ஓ வேண்டாம். தாது உப்பு இல்லாததால பிஹெச் (அமில-கார அளவு) திடீர்னு சரியும். 900ல கப்பியும் மோலி மீனும் நல்லாவே வாழும், டெட்ரா வகை மீனுக்கு ஒத்துவராது. எந்தத் தண்ணியோ அதையே கடைசி வரை ஊத்துங்க. கடைத் தண்ணி வேற மாதிரி இருக்கும்கிறதால மீனை உடனே விடாதீங்க. லைட்டை அணைச்சுட்டு பையை 15 நிமிஷம் மிதக்க விடுங்க. அப்புறம் பையைத் திறந்து, அஞ்சு நிமிஷத்துக்கு ஒரு தடவை அரை டம்ளர் தொட்டித் தண்ணியா முக்கால் மணி நேரம் சேர்த்துட்டு, மீனை வலையில் எடுத்து விடுங்க. பைத் தண்ணியைக் கீழ ஊத்திடுங்க. அன்னைக்கு தீனி போட வேண்டாம்.