திறந்த கையில் நிற்கும் எலிக்குப் பதற்றம் இல்லையா?

மூளைப்பித்தன்:
பதற்றத்துக்கும் வலிக்கும் கொடுக்கும் ப்ரீகாபலின் என்ற மருந்தைக் கொடுத்த எலி, கூட்டல் குறி வடிவச் சோதனை மேடையான பிளஸ் மேஸின் திறந்த கைகளில் அதிக நேரம் இருக்கிறது. அப்படியென்றால் பதற்றம் குறைந்திருக்கிறது. இதில் சண்டை போட என்ன இருக்கிறது? காபா என்ற அமினோ அமிலத்தின் வழிப்பொருள் அது. காபா மூளையை அடக்கும், இதுவும் அடக்கும்.

சந்தேகப்பிராணி:
கடைசி வரி தப்பு. அமைப்பில்தான் அது காபாவின் சாயல். நரம்பணுக்களில் காபா ஒட்டும் இடங்களான காபா ஏற்பிகளில் அது ஒட்டுவதே இல்லை. நரம்பணுவின் கால்சியம் வாயிலின் ஆல்பா-2-டெல்டா என்ற துணை அலகைப் பிடிக்கிறது. நரம்பு முனைக்குள் கால்சியம் போவது குறைய, நரம்புகளைத் தூண்டும் குளூட்டமேட் வெளிவருவதும் குறைகிறது.

அப்புறம் அந்த மேஸ். அரை மீட்டர் உயரத்தில் நான்கு கைகள். இரண்டுக்குச் சுவர் உண்டு, இரண்டுக்கு இல்லை. ஐந்து நிமிடம் விட்டுப் பார்ப்பார்கள். பயந்த எலி சுவரோரம் ஒண்டும். சரி, வெளியே வந்தது பயம் போய்த்தானா? வெறுமனே துறுதுறுவென்று ஓடினாலும் வரும். ஓட்டம் கூடியதா என்று காட்டுவது சுவருள்ள கைகளுக்குள் எத்தனை முறை நுழைந்தது என்ற கணக்கு. அதைச் சொல்லாத வரைபடத்தை நான் மதிப்பதில்லை.

மூளைப்பித்தன்:
ப்ரீகாபலின் துறுதுறுப்பா தரும்? அளவு கூடினால் தூக்கக் கலக்கம்தான். வோகல் சோதனையைப் பாருங்கள்: தாகத்தோடு இருக்கும் விலங்கு தண்ணீர்க் குழாயை நக்கினால் லேசான மின்னதிர்ச்சி. மருந்து கொடுத்தால் அதையும் மீறிக் குடிக்கிறது. அந்தத் துணை அலகின் ஒரு வகையான ஆல்பா-2-டெல்டா-1இல் மருந்து ஒட்டும் இடத்தை மரபணு மாற்றிக் கெடுத்த சுண்டெலிகளிடம் அந்த விளைவு இல்லை.

சந்தேகப்பிராணி:
வலிக்கும் கொடுக்கும் மருந்தாயிற்றே! அதிர்ச்சி உறைக்காமல் போயிருக்கலாம்.

கூண்டுக்காரி:
எலிகளோடு வேலை செய்பவள் நான். அந்த வாதம் நிற்காது. நரம்புக் கோளாறால் வரும் வலியில்தான் ப்ரீகாபலின் எடுபடும், சுரீரென்ற சாதாரண வலியில் அவ்வளவாக இல்லை. ஆனால் ஒரே எலியை இரண்டாம் முறை மேஸில் விட்டால் பதற்றம் தணிக்கும் பழைய மருந்தான டயஸிபாம்கூடப் பலிப்பதில்லை. அந்த அளவுக்கு நொய்ந்த சோதனை அது.

மூளைப்பித்தன்:
மனிதர்களிடமும் பலித்ததே. பொதுப் பதற்றக் கோளாறுக்கு 2006இல் ஐரோப்பிய ஒன்றியம் அனுமதி கொடுத்தது. எலியிடம் ஜெயித்து மனிதரிடம் தோற்ற மருந்து ஒன்று காட்டுங்கள்.

சந்தேகப்பிராணி:
சிஐ-988. டிரிப்டோபன் என்ற அமினோ அமிலத்தின் வழிப்பொருள், மூளையில் சேதி கடத்தும் கோலிசிஸ்டோகைனின் என்ற பொருளின் ஏற்பியைத் தடுப்பது. எலிகள் திறந்த கைகளுக்குத் தாராளமாக வந்தன. பீதிக் கோளாறு உள்ள மனிதர்களிடமோ வெற்று மாத்திரையை அதனால் முந்த முடியவில்லை. உருவாக்கியது ப்ரீகாபலினைக் கொண்டுவந்த அதே பார்க்-டேவிஸ் மருந்து நிறுவனம்.