வார்னிங் போக எல்லா இடத்திலும் காஸ்ட் போடலாமா?

கேள்வி:
சீரியல் போர்ட்டிலிருந்து பாக்கெட் படிக்கும் பழைய சி கோடு ஒன்று என் பொறுப்புக்கு வந்திருக்கிறது. இதுவரை ஜிசிசி கம்பைலரில் டபிள்யூ-ஆல் (-Wall, வழக்கமான வார்னிங்குகளைக் காட்டும் ஆப்ஷன்) மட்டும் போட்டு கம்பைல் செய்திருக்கிறார்கள், ஒரு வார்னிங்கும் கிடையாது. கூடுதல் வார்னிங்குகளைக் காட்டும் டபிள்யூ-எக்ஸ்ட்ராவையும் (-Wextra) நான் சேர்த்ததும் சைன்டு (மைனஸும் வரக்கூடிய எண்), அன்சைன்டு (மைனஸே வராத எண்) ஒப்பீடு பற்றித் திரை நிறைய வார்னிங். எல்லாவற்றுக்கும் காஸ்ட் (மதிப்பை வேறு டைப்பாக எடுத்துக்கொள்ளச் சொல்வது) போட்டுவிடச் சொல்கிறார் கூட வேலை செய்பவர். சரிதானா?

பதில்:
தயவுசெய்து வேண்டாம். இந்த வார்னிங் சி பிளஸ் பிளஸுக்கு டபிள்யூ-ஆலிலேயே வரும், சி-க்கு டபிள்யூ-எக்ஸ்ட்ரா போட்டால்தான் வரும். இத்தனை நாள் சத்தமே இல்லாததற்குக் காரணம் அதுதான்.

உங்கள் கோடில், போர்ட்டிலிருந்து டேட்டா படிக்கும் ரீட் ஃபங்ஷனை அழைக்கும் இடத்தைப் பாருங்கள். எத்தனை பைட் படித்தது என்பதை ரீட் தரும், பிழை என்றால் -1 தரும். அதை 'லென்' என்ற மாறியில் வாங்கி, சைஸ்ஆஃப் ஹெடரை, அதாவது பாக்கெட்டின் தொடக்கப் பகுதியின் அளவைவிடச் சிறியதா என்று ஒப்பிட்டிருப்பார்கள். சைஸ்ஆஃப் தருவது அன்சைன்டு. அதனால் ஒப்பிடும் முன் -1 அன்சைன்டாக மாறும். 32 பிட்டில் அது 4294967295. சிறியதா என்றால், இல்லை! வராத ஹெடரை வந்ததாக எடுத்துக்கொண்டு கோடு மேலே ஓடும். லென்னை அன்சைன்டாக காஸ்ட் போட்டால் வார்னிங் போகும், பக் அப்படியே இருக்கும். அதைவிட மோசம், அடுத்துப் படிப்பவர் யாரோ யோசித்துத்தான் போட்டிருக்கிறார் என்று நம்பித் தாண்டிப் போவார்.

முதலில் லென் 0-க்குக் கீழே இருந்தால் அங்கேயே திரும்பிவிடுங்கள். அப்புறம் காஸ்ட் போட்டால் அதற்கு அர்த்தம் உண்டு.

இன்னொருவர்:
மாறிகளை எல்லாம் அன்சைன்டாக மாற்றிவிடலாம் என்றும் போகாதீர்கள். பின்னோக்கி எண்ணும் லூப்பில் ஐ >= 0 என்று இருந்தால் அது முடியவே முடியாது. அதையும் டபிள்யூ-எக்ஸ்ட்ரா சொல்லிவிடும், படியுங்கள்.

கேட்டவர்:
ரீட் இருக்கும் இடத்தில் நீங்கள் சொன்னதேதான் இருக்கிறது, நன்றி. வார்னிங் வந்தாலே பிழையாக எடுத்து பில்டை நிறுத்தும் டபிள்யூ-எரர் (-Werror) போட்டு வைக்கலாமா?

முதலில் பதில் சொன்னவர்:
உங்கள் பில்ட் மெஷினில் தாராளமாக. வெளியே கொடுக்கும் மேக்ஃபைலில் (எப்படி பில்ட் செய்வது என்று சொல்லும் ஃபைல்) வேண்டாம். 2017-இல் ஜிசிசி 7 வந்தபோது, ஸ்விட்சில் பிரேக் இல்லாமல் அடுத்த கேஸுக்கு விழுவதற்கும் டபிள்யூ-எக்ஸ்ட்ராவில் வார்னிங் சேர்ந்தது. கோடில் ஒரு வரியும் மாறாமலே பில்ட் நின்றுபோகும், வாங்கியவருக்கு ஏன் என்றே தெரியாது. பழைய கோடு என்பதால் ஒவ்வொரு ஃபைலாகச் சுத்தம் செய்து, அந்த ஃபைலுக்கு மட்டும் போட்டுக்கொண்டே வாருங்கள். ரீட் வரும் ஃபைல்களை முதலில் எடுங்கள்.