மாத்திரையும் ஊசியும்: என் சிறுநீர்ப்பை அனுபவம்

பூட்டில் சாவியை நுழைப்பதற்குள் சிறுநீர் முட்டிக்கொண்டு வந்துவிடும். வழியெல்லாம் இல்லாத அவசரம் வீட்டுக் கதவைப் பார்த்ததும் வரும், பாதி நாள் உள்ளே ஓடுவதற்குள் உடை நனைந்துவிடும். பகலில் 12 தடவை, ராத்திரி 3 தடவை. வெட்கத்தில் இரண்டு வருடம் யாரிடமும் சொல்லவில்லை, அந்த இரண்டு வருடத்தை நினைத்தால் இன்னும் வருத்தமாக இருக்கிறது.

டாக்டர் முதலில் தொற்று, சர்க்கரை இரண்டும் இல்லை என்று பார்த்துவிட்டு, சிறுநீர்ப்பையின் இறுக்கத்தைத் தளர்த்தும் சோலிஃபெனாசின் என்ற மாத்திரை கொடுத்தார். மூன்றாவது வாரமே அவசரம் நன்றாகக் குறைந்தது. ஆனால் வாய் அப்படி வறண்டது, பேசும்போது நாக்கு மேலண்ணத்தில் ஒட்டிக்கொள்ளும், கூடவே மலச்சிக்கல். வறட்சிக்குத் தண்ணீர் குடித்தால் திரும்பக் கழிப்பறை. இரண்டு மாதத்தில் நானாகவே நிறுத்திவிட்டேன், அது தப்பு, சொல்லியிருந்தால் அப்போதே மாற்றிக் கொடுத்திருப்பார்.

அப்புறம் அக்குபஞ்சர். வாரம் ஒரு தடவை, அரை மணி நேரம். உள்பக்கக் கணுக்காலுக்கு நாலு விரல் மேலே ஒரு ஊசி, இடுப்புக்குக் கீழே முதுகெலும்பு முடிகிற இடத்தில் சில. வலி இல்லை, காலில் ஒரு கனம் மட்டும் இறங்கும். நாலு வாரம் ஒன்றுமே தெரியவில்லை, ஏழாவது வாரம் ராத்திரி எழுவது ஒன்றாகக் குறைந்தது. ஆனால் காபியை விட்டதும் அதே சமயம்தான், அதனால் முழுப் பெயரையும் ஊசிக்குக் கொடுக்க எனக்கு மனசு வரவில்லை. பகல் அவசரம் அப்படியேதான் இருந்தது.

ஒன்றைக் குழப்பிக்கொள்ளாதீர்கள். அதே கணுக்கால் பக்கம் ஊசி வைத்து லேசான மின்சாரம் கொடுத்து காலில் ஓடும் டிபியல் நரம்பைத் தூண்டும் சிகிச்சை ஒன்று உண்டு, வாரம் 30 நிமிடம், 12 வாரம். 2009-இல் அதை இதே அவசரத்துக்குக் கொடுக்கும் டோல்டெரோடின் மாத்திரையோடு ஒப்பிட்ட ஆய்வில் நல்ல பலன் வந்தது. அதைக் காட்டி வெறும் அக்குபஞ்சருக்கும் அதே பலன் என்று சொல்கிறார்கள். அக்குபஞ்சர் ஆய்வுகளை 2022-இல் தொகுத்துப் பார்த்த காக்ரேன் (மருத்துவ ஆய்வுகளை அலசும் அமைப்பு) மதிப்பாய்வு, உறுதியாகச் சொல்ல ஆதாரம் போதாது என்றுதான் சொன்னது.

இப்போது மிராபெக்ரான் என்ற வேறு வகை மாத்திரை, 25 மில்லிகிராம் எடுக்கிறேன். வாய் வறளவில்லை, ரத்த அழுத்தத்தை மட்டும் அடிக்கடி பார்க்கச் சொன்னார் டாக்டர். அவசரம் வந்தால் ஓடாமல் நின்று, இடுப்புத்தளத் தசையை (சிறுநீரை அடக்கும்போது இறுக்குகிற தசை) நாலைந்து தடவை இறுக்கி விட்டு, அது தணிந்ததும் நடக்கவும் சொல்லிக் கொடுத்தார். நேற்று வாசலில் அப்படி நின்றுவிட்டுத்தான் சாவியைத் திருப்பினேன், நனையவில்லை.