சிடி-4 இசைத்தட்டு: ஊர்தி அலை விளக்கு நிலைத்து எரியவில்லை, பின் ஸ்பீக்கர்களில் கரகரப்பு – உதவி தேவை

கேள்வி

அனைவருக்கும் வணக்கம். ஒசாகாவில் பணிபுரியும் நான், சென்ற மாதம் இங்குள்ள பழைய ஒலிக்கருவிக் கடை ஒன்றில் 1970களைச் சேர்ந்த சிடி-4 (இசைத்தட்டில் நான்கு சேனல் ஒலியைப் பதிக்கும் ஒரு முறை) டீமாடுலேட்டர் (அந்தச் சேனல்களைப் பிரித்தெடுக்கும் கருவி) ஒன்றையும் நான்கு சேனல் இசைத்தட்டுகள் இரண்டையும் வாங்கினேன். டர்ன்டேபிளின் வயரை நேரடியாக டீமாடுலேட்டரில் செருகி, அதிலிருந்து வரும் நான்கு சேனல்களை இரண்டு ஸ்டீரியோ ஆம்ப்ளிஃபையர்கள் வழியாக முன்னும் பின்னும் வைத்த நான்கு ஸ்பீக்கர்களுக்கு அனுப்புகிறேன்.

முதல் தட்டை ஓடவிட்டால், ஊர்தி அலையை (நான்கு சேனல்களைப் பிரிக்க உதவும், காதுக்கு எட்டாத அலை) காட்டும் சிறு விளக்கு முதல் பாட்டில் விட்டு விட்டு எரிகிறது. எரியும் நேரத்தில் பின் ஸ்பீக்கர்களில் உப்புத்தாளால் மரத்தைத் தேய்ப்பது போன்ற கரகரப்பு கேட்கிறது. மூன்றாம் பாட்டைத் தாண்டியதும் விளக்கு அணைந்துவிடுகிறது; கரகரப்பும் நின்று, முன்னும் பின்னும் ஒரே ஒலி வருகிறது. இரண்டாம் தட்டில் விளக்கு ஒரு முறைகூட எரியவில்லை. அதன் உறையில் ‘எஸ்க்யூ’ என்று அச்சிட்டிருக்கிறது. கருவி பழுதா, நான் இணைத்த முறை தவறா என்று தெரிந்தவர்கள் சொல்ல வேண்டுகிறேன்.

மறுமொழி 1

இரண்டாம் தட்டைப் பற்றி மட்டும் நான் சொல்கிறேன். அதில் விளக்கு எரியாததுதான் சரி, ஏனெனில் எஸ்க்யூ என்பது வேறொரு நான்கு சேனல் முறை; அந்தத் தட்டில் ஊர்தி அலையே கிடையாது.

நான்கு சேனல் ஒலி முதலில் நாடாவில்தான் வீடுகளுக்கு வந்தது. அமெரிக்காவில் வான்கார்ட் நிறுவனம் 1969இல் நான்கு தட நாடாச் சுருள்களை வெளியிட்டது. அடுத்த ஆண்டே ஆர்சிஏ நிறுவனம் தன் 8-டிராக் கார்ட்ரிட்ஜ்களிலும் (நாடாப் பெட்டிகள்) நான்கு சேனல் ஒலியைக் கொண்டுவந்தது. நாடாவில் தடங்களைக் கூட்டிக்கொள்ளலாம். இசைத்தட்டின் பள்ளத்துக்கோ இடது, வலது என்று இரண்டே சுவர்கள். அதற்குள் நான்கு சேனல்களை அடைக்க ஒருவர் கண்ட வழியை மற்றவர் ஏற்கவில்லை. சிபிஎஸ் நிறுவனத்தில் பெஞ்சமின் பாவர் குழுவினர் உருவாக்கி 1971இல் வெளிவந்த எஸ்க்யூ முறையில், பின் சேனல்களின் அலைக் கட்டத்தை (phase) 90 பாகை நகர்த்தி, இரண்டு சுவர்களிலும் பங்கிட்டுக் கலந்துவிடுகிறார்கள். சான்சுய் நிறுவனத்தின் க்யூஎஸ் முறையும் இதே இனத்தைச் சேர்ந்தது. ஆனால் கலக்கும் விகிதம் வேறு என்பதால் ஒன்றின் டீகோடர் (கலந்த சேனல்களைப் பிரிக்கும் கருவி) மற்றொன்றுக்குச் சரியாகப் பொருந்தாது.

கலந்ததை முழுமையாகப் பிரிக்க முடியாது என்பதே இந்த இனத்தின் குறை. எளிய எஸ்க்யூ டீகோடரில் முன் சேனலுக்கும் பின் சேனலுக்கும் இடையே 3 டெசிபல் பிரிவுதான் கிடைக்கும். எந்தத் திசையில் ஒலி ஓங்கி நிற்கிறதோ அதைக் கண்டு மற்றவற்றை அடக்கும் சுற்றுகள் பின்னர் வந்த பிறகே நிலைமை தேறியது. உங்கள் எஸ்க்யூ தட்டுக்குத் தனி டீகோடர் வாங்குங்கள். கணினி மென்பொருளாலும் இன்று அதைப் பிரித்துவிடலாம்.

மறுமொழி 2

தம்பி, உன் டீமாடுலேட்டர் பழுதில்லை என்றே நினைக்கிறேன். விளக்கு அணைந்ததும் முன்னும் பின்னும் ஒரே ஒலி வருகிறது என்று நீ எழுதியதே அதற்குச் சான்று.

ஜேவிசி உருவாக்கி, 1972இல் ஆர்சிஏவும் ஏற்றுக்கொண்ட சிடி-4 முறையில், பள்ளத்தின் இடச் சுவரில் முன் இடது, பின் இடது சேனல்களைக் கூட்டிய ஒலி 15 கிலோஹெர்ட்ஸ் வரை வழக்கம்போல் பதிந்திருக்கும். அவற்றின் வித்தியாசத்தை மட்டும் காதுக்கு எட்டாத 30 கிலோஹெர்ட்ஸ் ஊர்தி அலையின் மேல் ஏற்றி அதே சுவரில் பதித்திருப்பார்கள். வலச் சுவரிலும் அப்படியே. கூட்டலோடு வித்தியாசத்தைச் சேர்த்தால் முன் சேனல், கழித்தால் பின் சேனல். ஊர்தி அலை கிடைக்காதபோது கருவி வித்தியாசத்தை நிறுத்திவிடும். கூட்டுவதற்கும் கழிப்பதற்கும் எதுவும் இல்லாததால் நான்கிலும் கூட்டலே ஒலிக்கும். சாதாரண ஸ்டீரியோ கருவியில் போட்டாலும் ஒரு வாத்தியம்கூட விட்டுப்போகாமல் கேட்கட்டும் என்று இப்படி அமைத்தவர்களை நான் இன்றும் வியந்து பார்க்கிறேன்.

ஆகவே 30 கிலோஹெர்ட்ஸ் உன் கருவிக்கு வந்து சேரவில்லை. கார்ட்ரிட்ஜ் (ஊசியைத் தாங்கி, அதன் அசைவை மின்சாரமாக்கும் பகுதி) எது, ஊசியின் வடிவம் என்ன, வயர் எத்தனை மீட்டர் என்று எழுது.

கேள்வி கேட்டவர்

மிக்க நன்றி ஐயா. கார்ட்ரிட்ஜ் சாதாரண மூவிங் மேக்னட் வகை. ஊசியின் முனை உருண்டை. அதன் தாளில் மின்தூண்டல் எண் 500 மில்லிஹென்றி என்றிருக்கிறது. வயர் இரண்டரை மீட்டர் நீளம்.

மறுமொழி 2

இரண்டு தடைகளும் அதிலேயே இருக்கின்றன.

முதலாவது வயர். அதன் மின்தேக்குத்திறன் மீட்டருக்குச் சுமார் 100 பிக்கோஃபாரட் என்று வைத்தாலும் இரண்டரை மீட்டருக்கு 250 ஆகிறது. 500 மில்லிஹென்றியோடு அது சேர்ந்தால் ஒத்ததிர்வு (இரண்டும் சேர்ந்து கடத்தும் எல்லை) 14 கிலோஹெர்ட்ஸ் அருகில் விழும். அதற்கு மேலே உள்ளவை சரசரவென்று தேய்ந்துபோகும். அதே கணக்கை 100 மில்லிஹென்றி, 100 பிக்கோஃபாரட் என்று போட்டுப் பார். 50 கிலோஹெர்ட்ஸ் வருகிறது. அந்தக் காலத்துச் சிடி-4 கையேடுகள் குறைந்த மின்தேக்குத்திறன் உள்ள வயரைத்தான் பயன்படுத்த வேண்டும் என்று வற்புறுத்தியது இதனால்தான்.

இரண்டாவது ஊசி. 33⅓ சுழற்சியில், தட்டின் வெளி விளிம்பில் பள்ளம் ஊசியின் கீழ் வினாடிக்கு ஏறத்தாழ 510 மில்லிமீட்டர் ஓடுகிறது. உள்ளே கடைசிப் பாட்டில் அது 210 ஆகக் குறைந்துவிடும். 30 கிலோஹெர்ட்ஸ் அலை ஒன்றின் நீளம் வெளியே 17 மைக்ரான், உள்ளே வெறும் 7 மைக்ரான். உருண்டை ஊசியின் ஆரமோ 18 மைக்ரான் அளவில் இருக்கும். அந்த நெளிவுக்குள் அது இறங்கவே இறங்காது, மேலே உரசிக்கொண்டு போகும். மூன்றாம் பாட்டுக்குப் பிறகு உன் விளக்கு அணைவதற்குக் காரணம் இதுவே. இதற்காகவே ஜேவிசியில் நோரியோ ஷிபாடா, பக்கவாட்டில் மெல்லியதாகவும் பள்ளச் சுவரில் மேலும் கீழும் நீளமாகப் படிவதாகவும் ஓர் ஊசியை வடிவமைத்தார். நான்கு சேனல் தட்டுகள் கடைகளிலிருந்து மறைந்து பல்லாண்டுகள் ஆன பிறகும், ஸ்டீரியோ கேட்பவர்கள் இன்றும் ஷிபாடா ஊசியைத் தேடி வாங்குகிறார்கள்.

மின்தூண்டல் எண் குறைந்த, ஷிபாடா ஊசி உள்ள கார்ட்ரிட்ஜ் ஒன்றை வாங்கு. வயரை முக்கால் மீட்டருக்குள் வைத்துக்கொள். விளக்கு நிலைத்து எரிந்த பிறகுதான் பின்பக்கத்தில் உள்ள பிரிவுத் திருகுகளை (முன், பின் சேனல்கள் ஒன்றோடொன்று கலக்காமல் சரிசெய்பவை) தொட வேண்டும். முன் இடது சேனலில் மட்டும் ஒலி உள்ள பகுதியை ஓடவிட்டு, பின் இடது ஸ்பீக்கர் கூடியவரை அடங்கும் இடத்தில் திருகை நிறுத்து. வலப்பக்கத்துக்கும் இதே முறைதான்.

கேள்வி கேட்டவர்

ஐயா, மூன்று வாரம் கழித்து எழுதுகிறேன். கார்ட்ரிட்ஜையும் வயரையும் மாற்றினேன். முதல் பக்கத்தில் தொடக்கம் முதல் கடைசிப் பாட்டு வரை விளக்கு அசையாமல் எரிகிறது. திருகைச் சரிசெய்தபோது, பின் இடது ஸ்பீக்கரில் கேட்டுக்கொண்டிருந்த குரல் கொஞ்சம் கொஞ்சமாக மெலிந்து முன்னுக்கு நகர்ந்ததைக் கேட்டு அப்படியே உட்கார்ந்துவிட்டேன். இரண்டாம் பக்கத்தின் கடைசி இரண்டு நிமிடத்தில் மட்டும் இடப்பக்கம் கரகரப்பு இன்னும் இருக்கிறது.

மறுமொழி 2

மிகவும் மகிழ்ச்சி. முதலில் தட்டை ஈரமாகக் கழுவி உலர்த்திக் கேட்டுப் பார். பள்ளத்தின் அடியில் தங்கிய தூசு ஊர்தி அலையைத்தான் முதலில் கெடுக்கும். அதன் பிறகும் அதே இடத்தில் கரகரத்தால், முன்பு வைத்திருந்தவர் கனத்த உருண்டை ஊசியால் அந்த நெளிவுகளைத் தேய்த்திருக்கக்கூடும். தேய்ந்தது திரும்பாது, அதே தட்டின் வேறு பிரதியைத்தான் தேட வேண்டியிருக்கும்.