எக்செல் கணக்கைப் படமாக மாற்றுவது எப்படி?

கேள்வி: சங்கத்தின் மாதக் கணக்கை எக்செல்லில் போட்டுக் குழுவில் அனுப்பினால் பாதிப் பேர் போனில் திறக்கத் தெரியவில்லை என்கிறார்கள், சரி என்று ஸ்கிரீன்ஷாட் எடுத்தால் 60 வரிசையும் ஒரே திரையில் அடங்க மாட்டேன் என்கிறது. வேறு வழி உண்டா?

பதில் 1: வேண்டிய கட்டங்களைத் தேர்ந்தெடுத்து, ஹோம் பகுதியில் காப்பி பொத்தானுக்குப் பக்கத்திலுள்ள சின்ன அம்புக்குறியை அழுத்தினால் 'காப்பி ஆஸ் பிக்சர்' வரும். அதைக் கொடுத்து, பெயின்ட்டில் ஒட்டி, பிஎன்ஜி என்ற பட வகையாகச் சேமியுங்கள். ஜேபெக் வகை வேண்டாம், எழுத்தோரமெல்லாம் கலங்கிப்போகும்.

பதில் 2: தாள் நீளமென்றால் பக்க அமைப்பில் அகலத்தை 1 பக்கமாக்கி பிடிஎஃப் எடுங்கள், அப்புறம் அதை 300 டிபிஐயில் (அங்குலத்துக்கு 300 புள்ளி) படமாக்கலாம்.

கேட்டவர்: முதல் வழியே வேலை செய்தது. ஆனால் குழுவில் போட்டதும் எண்கள் மங்கல்!

பதில் 1: படமாக அனுப்பினால் செயலி அதைச் சுருக்கிவிடும், அதனால்தான் மங்கல். டாக்குமென்ட்டாக அனுப்பிப் பாருங்கள்.