கல்கரியில சுட்ட மான் இறைச்சியை பிளேனில கொழும்புக்கு கொண்டு வரலாமோ?

வெள்ளவத்தைப் பெடியன்:

எல்லாருக்கும் வணக்கம், கொஞ்சம் நீட்டா எழுதப்போறன், மன்னிக்கோணும். நான் இப்ப கனடாவில, கல்கரியில அக்கா வீட்டில நிக்கிறன், ரெண்டு மாச விசிட். அத்தானுக்கு சரியான வேட்டைப் பைத்தியம், லைசன்ஸ், டாக் (சுட்ட மிருகத்தில கட்டுற நம்பர் துண்டு) எல்லாம் முறையா எடுத்து வச்சிருந்தவர், போன கிழமை என்னையும் கூட்டிக்கொண்டு போனவர். நான் துவக்கைத் தொடவே இல்லை, மைனஸ் 14ல மூக்கு விறைக்க விறைக்க பின்னால நடந்தது மட்டும்தான் என்ர வேலை. ரெண்டாம் நாள் விடியக்காலமை ஒரு மான் விழுந்தது. மியூல் டியர் எண்டு சொல்லுறாங்கள், காது ரெண்டும் கழுதைக் காது மாதிரி. கராஜில தொங்கவிட்டு உரிச்சு, எலும்பெல்லாம் எடுத்து, ஒரு கிலோ ஒரு கிலோவா வக்கியூம் பேக் அடிச்சு டீப் ஃப்ரீசருக்குள்ள போட்டாச்சு, எல்லாமா 30 கிலோவுக்குக் கிட்ட வரும்.

இனி விசயத்துக்கு வாறன். அம்மா வெள்ளவத்தையில இருக்கிறா. அவ பிறந்து வளர்ந்தது நெடுங்கேணிப் பக்கம், சின்ன வயசில அடுப்புக்கு மேல கொடி கட்டி மரை வத்தல் தொங்குமாம், மழைக்காலத்தில அதில ரெண்டு துண்டைப் பிடுங்கி சுட்டுத் தருவினமாம், இந்தக் கதையை நான் ஒரு நூறு தரம் கேட்டிருப்பன். இப்ப வட்ஸ்அப்பில மானைக் கண்டதில இருந்து "ஒரு துண்டெண்டாலும் கொண்டு வா தம்பி" எண்டு ஒரே கரைச்சல். நான் இங்க இருந்து முதல்ல ரொரன்ரோ போய் தங்கச்சி வீட்டில ரெண்டு கிழமை நிண்டுட்டு, அங்க இருந்து மத்திய கிழக்குப் பக்கமா கட்டுநாயக்க வாறன். ஒரு 8 கிலோ கொண்டு வர யோசிக்கிறன். ட்ரை ஐஸ் (உறைஞ்ச காபனீரொட்சைட்டு) போட விடுவாங்களோ, சூட்கேசுக்குள்ளயே வைக்கலாமோ இல்லாட்டி தனிப் பெட்டியோ, கட்டுநாயக்கவில என்ன சொல்லுறது? அக்கா சொல்லுறா கருவாடு எண்டு சொல்லி வெளியில வா எண்டு. அனுபவப்பட்ட ஆக்கள் சொல்லுங்கோ.

பம்பலப்பிட்டி பஸ் ஹோல்ட்:

கருவாடு எண்டு மட்டும் வாய் திறந்திடாதைங்கோ ராசா. எங்கட சித்தப்பா நோர்வேயில இருந்து இதே வேலை பாத்தவர், அங்க எல்க் எண்டு ஒரு பெரிய மான் சாதி, குதிரை அளவு நிக்கும், அதில ஒரு 4 கிலோவை பேப்பரில சுத்தி பெட்சீட்டில சுத்தி சூட்கேஸ் நடுவில வச்சுக் கொண்டு வந்தவர். ட்ரான்சிட்டில சூட்கேஸ் மிஸ் ஆகிட்டுது. எந்த எயார்லைன் எண்டு சொல்லேல்ல, அவங்கட பிழையுமில்ல எங்கட பிழையுமில்ல, கனெக்சன் டைட். மூண்டாம் நாள் போன் வந்தது, வந்து கிளியர் பண்ணி எடுங்கோ எண்டு. நானும் கூடப் போனன். சூட்கேசைத் தூக்கி மேசையில வைக்கேக்கயே கீழ் மூலையால கபில நிறத்தில தண்ணி சொட்டுது. திறங்கோ எண்டாங்கள். ஸிப்பை இழுத்ததும் அந்த ஒஃபிசர் ரெண்டு அடி பின்னுக்குப் போய் கைலேஞ்சியால மூக்கைப் பொத்தினார், பக்கத்து லைனில நிண்ட ஒரு அன்ரி குழந்தையைத் தூக்கிக்கொண்டு அங்கால போயிட்டா. சித்தப்பா அப்பவும் "இது மீன்" எண்டுதான் சொன்னவர். இறைச்சியை அழிக்கிறதுக்கு எடுத்துக்கொண்டு போயிட்டாங்கள், அது போகட்டும், அதே சூட்கேசில மச்சாளின்ர கலியாணத்துக்கு எடுத்த ரெண்டு கூறைச்சீலை இருந்தது. வீட்டில இண்டைக்கும் எல்க் எண்டு ஆரும் சொல்லுறேல்ல.

கிளியரிங் மாமா:

தம்பி, நான் கனகாலம் கஸ்டம்ஸில சாமான் கிளியரிங் வேலை செய்தவன், பிரச்சினை ஐஸில்ல, பேப்பர். இலங்கைக்குள்ள எந்த மிருக இறைச்சி கொண்டு வாறதெண்டாலும் பேராதனையில இருக்கிற கால்நடை உற்பத்தி சுகாதாரத் திணைக்களத்திட்ட இறக்குமதி பேர்மிட் எடுக்கோணும், சாமான் வெளிக்கிட முதலே எடுக்கோணும், வந்து இறங்கின பிறகு எடுக்கிறதில்லை. 1992ம் ஆண்டு 59ம் இலக்க விலங்கு நோய்கள் சட்டத்துக்குக் கீழ வாற விசயம். அதோட ஏத்துற நாட்டு அரசாங்க மிருக வைத்தியர் சைன் வச்ச சுகாதார சேர்டிபிகேட் வேணும்.

இதிலதான் வேட்டை இறைச்சி மாட்டுப்படுது. கடையில வாங்கின இறைச்சி எண்டா அந்த மாடு வெட்டுறதுக்கு முதல் ஒரு வைத்தியர் உயிரோட பாத்திருப்பார், வெட்டின பிறகு ஈரல் குடலெல்லாம் புரட்டிப் பாத்து சீல் குத்தியிருப்பார், அதை வச்சு சேர்டிபிகேட் எழுதலாம். உங்கட அத்தான் காட்டுக்குள்ள சுட்டு கராஜில உரிச்ச மானை ஆர் பாத்தது? பாக்காத மிருகத்துக்கு எந்த வைத்தியன் சைன் வைப்பான்? அந்த இறைச்சியை கல்கரி இருக்கிற அல்பேர்ட்டா மாகாணத்திலயே ஒருத்தருக்கும் விக்க ஏலாது, சும்மா குடுக்கலாம், சாப்பிடலாம், அவ்வளவுதான். ஆகவே 8 கிலோவோ 800 கிராமோ, கொழும்புக்கு இல்லை எண்டு முடிவெடுத்திட்டு மிச்சத்தை யோசியுங்கோ.

இன்னொண்டு. பேர்மிட் இல்லாம எப்பிடியோ வெளியில வந்தாலும் உங்கட ஃப்ரிட்ஜுக்குள்ள மான் இறைச்சி இருக்கு எண்ட கதை நாலு பேருக்குப் போகும். இங்க புள்ளிமானும் மரையும் 1937ம் ஆண்டு வனவிலங்கு கட்டளைச் சட்டத்தில பாதுகாக்கப்பட்டது, இறைச்சியை வச்சிருந்தாலே குற்றம். உரிச்சு வெட்டின பிறகு அல்பேர்ட்டா மானும் வில்பத்து மானும் ஒரே நிறம்தான், வாசலில வந்து நிக்கிற பொலிஸுக்கு எதைக் காட்டுவியள்?

வெள்ளவத்தைப் பெடியன்:

மாமா நன்றி, நெஞ்சு விட்டுப் போச்சு ஆனா விளங்குது. ஒரு சந்தேகம், காயவச்சு ஜேர்க்கி மாதிரி செய்து கொண்டு வந்தா? அது பச்சை இறைச்சி இல்லைத்தானே. அத்தானிட்ட ட்ரையர் மெசின் இருக்கு, 3 கிலோ போட்டா 1 கிலோ வரும் எண்டுறார், ஐஸும் தேவையில்லை.

கிளியரிங் மாமா:

வத்தலும் இறைச்சிதான் தம்பி. சட்டத்துக்கு ஈரம் கணக்கில்ல.

ஸ்காபரோ மருமகன்:

கொழும்புக் கதையை மாமா முடிச்சிட்டார், அப்ப கல்கரி ரொரன்ரோ கதையை நான் சொல்லுறன், ஏனெண்டா அது தாராளமாச் செய்யலாம், நான் ரெண்டு தரம் செய்தனான். தங்கச்சி வீட்டுக்குக் குடுத்திட்டு வாங்கோ, அவவுக்கும் ஆசை இருக்கும்தானே.

முதல்ல ஐஸ் விசயம். பிளைட் நாலு மணித்தியாலம். கல்லு மாதிரி உறைஞ்ச இறைச்சிக்கு ட்ரை ஐஸே தேவையில்லை, இறைச்சிதான் ஐஸ். எல்லாரும் விடுற பிழை என்னெண்டா போறதுக்கு முதல்நாள் ராத்திரி ஃப்ரீசருக்குள்ள போட்டு வெளியில மட்டும் உறைஞ்சதை எடுத்துக்கொண்டு ஓடுறது. மூண்டு நாளெண்டாலும் மைனஸ் 18ல கிடக்கோணும், பேக்கட்டைத் தட்டையா வச்சு உறைய விடுங்கோ, அப்பதான் புத்தகம் அடுக்கின மாதிரி இடைவெளி இல்லாம அடுக்கலாம், காத்து நிண்டா உருகும், எங்க இடம் மிஞ்சுதோ அங்க பழைய பேப்பரைக் கசக்கித் திணியுங்கோ. நான் செய்தது ரெஜிபோம் (வெள்ளை நுரை) பெட்டி, அதை கார்ட்போட் பெட்டிக்குள்ள இறக்கி சுத்திவர டேப். அந்த ஹார்ட் கூலர் நல்லதுதான், ஆனா வெறும் பெட்டியே 5, 6 கிலோ இழுக்கும், உங்களுக்கு விடுறது 23 கிலோ, பெட்டிக்கு நிறை குடுக்கிறதை விட இறைச்சிக்குக் குடுக்கலாம். ஆனா ரெஜிபோமை மட்டும் தனியப் போடாதைங்கோ, பெல்ட்டில விழுந்து வெடிச்சா அவ்வளவுதான். உள்ளுக்க ஒரு தடிச்ச குப்பை பேக் விரிச்சு அதுக்குள்ள எல்லாம். ஒரு சொட்டு ரத்தத் தண்ணி வெளியில வந்தாலும் பெட்டியை ஓரங்கட்டிப் போடுவாங்கள்.

மனசு கேக்காட்டி ட்ரை ஐஸ் போடலாம், ஒராளுக்கு 2.5 கிலோதான் கணக்கு, அதுக்கு மேல ஒரு எயார்லைனும் விடாது, எயார்லைனிட்ட முதலே சொல்லி ஓம் எண்டு வாங்கோணும், பெட்டிக்கு வெளியில ட்ரை ஐஸ் எண்டும் எத்தினை கிலோ எண்டும் எழுதி ஒட்டோணும். முக்கியமா காத்துப் புகாம டேப் அடிக்கக் கூடாது. அது உருகித் தண்ணியாகிற சாமான் இல்லை, நேரா வாயுவாகுது, போக வழியில்லாட்டி பெட்டி பொம்மும். மைனஸ் 78, வெறும் கையால தொட்டா தோல் போகும். காருக்குள்ள வச்சு கண்ணாடியை மூடிக்கொண்டு எயார்போட் போறதும் கூடாது.

இனி ஒருத்தரும் கேக்காத விசயம், எனக்கு இதுதான் பெருசு. அந்த மானை டெஸ்ட் பண்ணிட்டினமோ? குரோனிக் வேஸ்டிங் டிசீஸ் எண்டு ஒரு வருத்தம், 1967ல கொலராடோவில கண்டது, அல்பேர்ட்டாவில காட்டு மானில 2005ல வந்திட்டுது, மியூல் டியரிலதான் அங்க கூட. கிருமி இல்லை, ப்ரியோன் எண்டுற ஒரு கெட்டுப்போன புரதம், சமைச்சாலும் சாகாது, ஃப்ரீசரில வச்சாலும் சாகாது. மனிசருக்கு வந்ததா இதுவரை உறுதியில்லை, எண்டாலும் பொசிட்டிவ் மிருகத்தைச் சாப்பிட வேண்டாம் எண்டுதான் சுகாதாரத் துறைகள் சொல்லுது. சில வேட்டைப் பகுதியில தலையைக் கட்டாயம் குடுக்கோணும், அதுக்கெண்டு ஃப்ரீசர் வச்சிருப்பாங்கள், ரிசல்ட் வரக் கிழமைக்கணக்காகும். அதனால ஒவ்வொரு பேக்கட்டிலயும் அத்தான்ர டாக் நம்பரையும் சுட்ட திகதியையும் மாக்கரால எழுதுங்கோ, ரெண்டு மானின்ர இறைச்சியைக் கலக்காதைங்கோ, நாளைக்கு ரிசல்ட் பிழைச்சா எதை எறியிறது எண்டு தெரியோணும்.

ரொரன்ரோ இருக்கிற ஒண்டாரியோ மாகாணக்காரர் இதில சரியான இறுக்கம். வெளி மாகாணத்து மானின்ர மூளை, முள்ளந்தண்டு, கண், மண்ணீரல் ஒண்டும் உள்ளுக்க வரக்கூடாது. நீங்கள் எலும்பெடுத்த தசைதான் வச்சிருக்கிறியள், அது பிரச்சினையில்லை. ஆனா மாகாணம் தாண்டிக் கொண்டு போறதுக்கு அல்பேர்ட்டா பக்கத்தில எக்ஸ்போர்ட் பேர்மிட் கதை ஒண்டு இருக்கு, அதை அத்தானையே வனவிலங்கு ஒஃபிசில கேட்டு எடுக்கச் சொல்லுங்கோ. மாகாணச் சட்டத்தை மீறி வனவிலங்கை மாகாணம் கடத்தினா அது மத்திய சட்டத்தின்படியும் குற்றம், 1996ல இருந்து அப்பிடித்தான். லைசன்ஸ் கொப்பியும், இறைச்சியை உங்களுக்குக் குடுத்ததெண்டு அத்தான் சைன் வச்ச ஒரு துண்டும் பெட்டிக்குள்ள கிடக்கட்டும்.

மட்டக்குளி மச்சான்:

குறுக்க வாறதுக்கு சொரி. என்னோட ஃபிரெண்ட் ஒருத்தன் டெக்சாஸ்ல இருக்கான், அங்க காட்டுப்பன்னி வருசம் பூரா சுடலாம்னு சொல்றான், அடுத்த மாசம் வர்றப்ப கொஞ்சம் கொண்டு வரவான்னு கேக்குறான். பன்னிக்கும் இதே சட்டந்தானா?

கிளியரிங் மாமா:

அதே சட்டம்தான் தம்பி, அதை விடக் கூட யோசிக்கோணும். 2024ல ஆபிரிக்கப் பன்றிக்காய்ச்சல் இலங்கைக்குள்ள வந்து பண்ணைக்காரர் பட்ட பாடு தெரியும்தானே, அந்த வைரஸ் உறைஞ்ச இறைச்சியில கனகாலம் உயிரோட கிடக்கும். மனிசருக்கு ஒண்டும் செய்யாது, நாங்கள் எறியிற எச்சிலைத் திண்டிற பன்றிக்குத்தான் போய்ச்சேரும். டெக்சாஸில அது இல்லை எண்டு அவர் சொல்லலாம், பேப்பர் இல்லாம அதை ஆர் நம்புறது. வரேக்க சொக்கலேட் கொண்டு வரச் சொல்லுங்கோ.

ஸ்காபரோ மருமகன்:

காட்டுப்பன்றி எண்டா அங்கயே சாப்பிடேக்கயும் நல்லா வேகவச்சுச் சாப்பிடச் சொல்லுங்கோ, ட்ரிக்கினெல்லா எண்டு ஒரு புழு இருக்கு. கரடி இறைச்சியில வாற வகை ஃப்ரீசரில வச்சாலும் சாகாது.

வெள்ளவத்தைப் பெடியன்:

எல்லாருக்கும் நன்றி, நாலு கிழமை கழிச்சு அப்டேட் போடுறன். டெஸ்ட் ரிசல்ட் நெகட்டிவ் எண்டு வந்த பிறகுதான் வெளிக்கிட்டனான், டிக்கட் மாத்தக் கொஞ்சம் காசு போச்சு. பேர்மிட்டை அத்தான் எடுத்துத் தந்தவர். ரெஜிபோம் பெட்டி, ட்ரை ஐஸ் போடேல்ல. கல்கரி கவுண்டரில நிறுத்தா 23.8, அந்தப் பிள்ளை என்னைப் பாக்கிறா நான் அவவைப் பாக்கிறன், பிறகு டேப்பை வெட்டி ஒரு பேக்கட்டை எடுத்து வழியனுப்ப வந்த அக்காவிட்டக் குடுத்திட்டு திருப்பி ஒட்டினன், கை விறைச்சுப் போச்சு. ரொரன்ரோவில பெல்ட்டில நேரா வந்தது, வீட்டில திறக்கேக்க மேல் பேக்கட்டில பனி கூட உருகேல்ல.

தங்கச்சி யாழ்ப்பாணத் தூள் போட்டு பிரட்டல் கறி வச்சவ. கொழுப்பே இல்லாத இறைச்சி, முதல் நாள் ரப்பர் மாதிரி வந்தது, ரெண்டாம் நாள் தேங்காய்ப்பாலில மெல்லிய நெருப்பில ரெண்டு மணித்தியாலம் விட்டாப்பிறகுதான் சரி வந்தது. அம்மாவை வீடியோவில எடுத்துக் காட்டினம். சட்டியைக் கிட்டக் கொண்டு வரச் சொல்லி உத்துப் பாத்தா, பிறகு சொல்லுறா "தேங்காய்ப்பால் விட்டுக் கெடுத்துப்போட்டாள், மரையைச் சுட்டெல்லே தின்னோணும்" எண்டு. மான் எண்டு சொன்னதைக் காதில எடுக்கவே இல்லை.